குழாய்க்கு முடிச்சு

தங்கூசிக்குப் பொருந்திய கணக்கு குழாய்க்குப் பொருந்தவில்லை. ஏன் என்பது ஜாஸ்மினுக்குப் புரியவில்லை.

தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்புதான் தங்கூசி. அதை ஒரு பிஸ்கட் தகர டப்பாவின் மேல் இழுத்துக் கட்டிச் சுண்டினால் ஒரு சுரம் கேட்கும். சரியாக நடுவில் பேனா மூடியை முட்டுக்கொடுத்து மறுபடி சுண்டினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கேட்கும். முழு நரம்புக்குப் பெரிய ஸா, பாதி நரம்புக்குக் குட்டி ஸா என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். நீளம் பாதியானால் நரம்பு இரண்டு மடங்கு வேகமாக அதிரும், அதனால் சுரம் மேலே போகும் என்று ஜாஸ்மின் சொல்லிக்கொடுத்திருந்தாள். சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் டப்பா செய்ய வைத்து, சுண்ட வைத்து, ஸ்கேலால் அளக்க வைத்தாள். நரம்பு ஒரு முறைகூடப் பொய் சொல்லவில்லை.

அடுத்தது குழாய். குளியலறைக் கழிவுநீருக்குப் போடுகிற நாலு இஞ்ச் பிவிசி குழாயை இரண்டு பக்கமும் திறந்தபடி பெஞ்சில் படுக்க வைத்து, ஒரு வாயில் ரப்பர் செருப்பால் ஓர் அடி கொடுத்து உடனே எடுத்தால், உள்ளே இருக்கிற காற்று அதிர்ந்து 'பூம்' என்று பாடும். அரை மீட்டரில் வெட்டிய சின்னக் குழாய் நன்றாகவே பாடியது. நரம்பை முறுக்கி, அதன் குட்டி ஸாவை இந்தச் சுரத்தோடு சுருதி சேர்த்தார்கள். சின்னக் குழாயின் இரண்டு மடங்கு ஒரு மீட்டர். அந்த அளவில் மூன்று பெரிய குழாய்களை வெட்டினார்கள். மூன்றும் பெரிய ஸாவில் வந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டையிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு ஏறினால் எவ்வளவு கூடுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு மேலே தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா, பைப்பு மூக்கால பாடுது," என்றான் அஜித்குமார்.

"மூக்கில்லடா. உயரத்துல பாடுது. எறங்க மாட்டேங்குது."

சாந்தோம் மாதா கோவிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த குப்பத்தில் இருந்தது வலைக்கூடம். தகரக் கூரை, நாலு பக்கமும் இடுப்பளவு சுவர். பகலில் ஆண்கள் உட்கார்ந்து கிழிந்த வலைக்குக் கண்ணி போடுவார்கள். சாயங்காலம் ஜாஸ்மினின் டியூஷன். இயற்பியல் படித்து முடித்ததிலிருந்து குப்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கேதான் பாடம் எடுத்துவந்தாள்.

முந்தின நாள் குழாய் வெட்டும்போது ஒரு சிரிப்புச் சம்பவம் நடந்திருந்தது. மூன்று பெரிய குழாய்களில் மேகலா வெட்டியது மட்டும் நீளம் கூடுதலாக இருந்தது. ஜாஸ்மின் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது? மீட்டருக்கு மேல கீதே."

"முடிச்சிக்குக்கா," என்றாள் மேகலா.

"இன்னா முடிச்சி?"

"கயிறு வெட்னா முடிச்சிக்கு நாலு விரல் வுட்டுத்தானே வெட்டணும்? இல்லாங்காட்டி கட்டும்போது பத்தாம பூடும். நைனா தோல உரிச்சிடும்."

அஜித்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மேகலா, இந்தப் பைப்ப ஒரு தபா முடிச்சி போட்டுக் காட்டு. நா பாத்தே ஆவணும்."

ஜாஸ்மினும் சிரித்துவிட்டாள். மேகலாவின் அப்பா வலைக்காரர். அளவு வைத்த இடத்துக்கு அப்பால் நாலு விரலை ஒட்டிவைத்து, அதற்கு அப்பால் கோடு போடுவது அவள் கைக்குத் தானாக வருகிற வேலை. "குழாய்க்கு ஏதுடி முடிச்சி" என்று சொல்லிக்கொண்டே ஜாஸ்மின் ரம்பத்தை எடுத்து, கூடுதலை அறுத்துத் தள்ளினாள். விழுந்த வெள்ளை வளையம் உருண்டு வாசலுக்குப் போயிற்று. யாரும் பார்க்கவில்லை.

இப்போது மூன்று குழாய்களும் ஒரே நீளம். மூன்றும் ஒரே அளவு தப்பு. அதுதான் அவளை உறுத்தியது. மூன்று பேர் கையிலும் ஒரே தப்பு வந்தால் அது கையின் தப்பு இல்லை. கணக்கின் தப்பு.

ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வெட்டு கோணலா? ஸ்கேலை வாயில் பிடித்துப் பார்த்தாள், நேராகத்தான் இருந்தது. செருப்பு வாயிலேயே ஒட்டிக்கொள்கிறதா? அப்படி ஒட்டினால் அது ஒரு பக்கம் அடைத்த குழாய் ஆகிவிடும், சுரம் அடியோடு கீழே விழும். இங்கே சுரம் ஏறியல்லவா நிற்கிறது? வெயிலா? கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அனலாக அடித்துக்கொண்டிருந்தது. காற்று சூடானால் அதில் சத்தம் வேகமாக ஓடும், சுரமும் ஏறும். நல்ல சந்தேகம்தான். ஐஸ் பெட்டி மேல் போடுகிற ஈரச் சாக்கைக் கொண்டுவந்து குழாய்களின் மேல் போர்த்தச் சொன்னாள். பெரிய குழாய் ஒரு மயிரிழை இறங்கியது. சின்னக் குழாயும் கூடவே இறங்கியது. இரண்டுக்கும் நடுவிலிருந்த பிசகு அப்படியே இருந்தது.

"அக்கா, நீ சொன்னது நரம்புக்குத்தான். குழாய்க்கு வேற கணக்கு போல," என்றாள் சகினா. அவள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள்.

"ரெண்டுலயும் நீளந்தாண்டி பாடுது. வேற கணக்குன்னா ஏன் வேறன்னு சொல்லணும்ல?"

அப்போது வாசலில் செருப்பை விட்டுவிட்டு சுப்பராயன் வந்தார். குப்பத்தின் தலைவர். நாலு பேர் கூடிப் பேசுகிற எந்த விஷயத்திலும் அவர் சொல்தான் கடைசி.

"இன்னா ஜாஸ்மினு, செருப்படி சத்தம் தெரு மொன வரிக்கும் வருது. யாரு யாரப் போட்டு அடிக்கிறாங்கன்னு கேக்குறானுங்க."

"பைப்பத்தான் மாமா."

"பைப்பு இன்னா தப்பு பண்ணுச்சு?"

"அதான் மாமா தெரில."

பிள்ளைகள் சிரித்தார்கள். சுப்பராயனும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அவர் வந்த வேலை வேறு. சுவரில் சாய்ந்து நின்று கூடத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்வையாலேயே அளந்தார்.

"ஐஸ் வண்டிக்காரன் பெரிய பொட்டி எறக்குறேன்றாம்மா. வெயில்ல மீனு கரைல வந்து எறங்கறதுக்குள்ள கண்ணு வெளுத்துப் பூடுது. ஒங்கம்மாவே கேட்டுச்சு. வெக்கறதுக்கு நெழலு வேணும். இந்தக் கூடத்த வுட்டா நெழலு எங்க கீது?"

"பகல்ல வலைக்கி, சாயங்காலம் எங்களுக்குன்னு நீங்கதான் மாமா குட்த்தீங்க."

"குட்த்தேன். கணக்கு, இங்கிலீசு சொல்லிக்குடுத்த. நாலு புள்ளைங்க பாஸாச்சு. நா இல்லன்னு சொல்லல. இப்ப இன்னாடான்னா பைப்பு, டப்பா, ரப்பர் பேண்டு. படிப்பா இது, வெளையாட்டான்னு ஊர்ல கேட்டா நா இன்னா சொல்ல?"

"படிப்புதான் மாமா. சத்தம் எப்பிடி வருதுன்ற படிப்பு."

"அப்டின்னா காட்டு. ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சி கூட்டம் இங்கதான். புள்ளைங்க இன்னா கத்துக்கினாங்கன்னு ஊரு முன்னால காட்டு. சரியா காட்னா நா ஒனக்கோசரம் பேசறேன். இல்லன்னா கூடம் ஐஸுக்கு. அப்பால என்ன நோவக்கூடாது."

அவர் போன பிறகு மேகலா ஒரு குழாயை எடுத்து அடித்தாள். பூம். அதே இறங்காத சுரம்.

*

மறுநாள் மதியம் ஜாஸ்மினின் அம்மா தேசம்மா மீன் கடையிலிருந்து வந்து, கூடையைக் கவிழ்த்துவிட்டு, கை கால் கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தாள். கணவர் ராபர்ட் கடலுக்குப் போயிருந்தார். பழைய சோறும் வறுத்த காரப்பொடி மீனும் நேற்றைய நெத்திலிக் குழம்பும் இருந்தன. நேற்றைய குழம்புக்கு இன்றைக்குத்தான் ருசி என்று தேசம்மா எப்போதும் சொல்வாள். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"கூட்டத்துல பேசுவியாமே," என்றாள்.

"பசங்க பேசுவாங்க."

"பைப்ப செருப்பால அடிக்கவா ஒன்ன நா காலேஜு அனுப்ச்சேன்? அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா இங்கயே அடிச்சிருக்கலாமே. செருப்பும் கீது, பைப்பும் கீது."

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தி.நகர்ல அந்த வெள்ளத்தொரை அண்ணாச்சி கீறாரே, வாராவாரம் வஞ்சிரம் வாங்குவாரு. ஜவுளிக் கடைல பில்லு போடற வேல. ஏசில உக்காந்துக்கினு செய்யலாம். கேட்டாரு. பொண்ணு வரும்னு சொல்ட்டேன்."

"என்னக் கேக்காமயா?"

"கூடம் இல்லன்னா நீ சாயங்காலத்துல எங்க போய் உக்காருவ? மணல்லயா? காத்தடிச்சா புக்கு பறக்கும், மழ வந்தா புள்ளைங்க பறக்கும். திங்கக்கெயம வரும்னு சொல்லிக்கீறேன்."

"கூடம் இருந்தா?"

தேசம்மா காரப்பொடியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "இருந்தா அண்ணாச்சிக்கு வேற எதனா சொல்றேன். மீனுக்குத்தான் ஐஸ் வேணும், பொய்க்கு வேணாம்."

ஜாஸ்மின் இன்னொரு கை சோற்றுக்காகப் பானையைச் சாய்த்தாள். பானை ஆடவில்லை. வழக்கமாக அது துணிச் சும்மாட்டின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். குனிந்து பார்த்தாள். பானையின் அடியில் வெள்ளையாக, கச்சிதமாக ஒரு வளையம்.

"இது ஏதும்மா?"

"கூடத்து வாசல்ல உருண்டுக்கினு கெடந்துச்சு. பானைக்கின்னே செஞ்சாப்பல கீது."

ஜாஸ்மின் பானையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு வளையத்தைக் கையில் எடுத்தாள். அதன் உயரம் ஒரு சிறுமியின் நாலு விரல்.

குழாய் நீளம் பற்றவில்லை என்பது நேற்றே அவளுக்குத் தெரியும். சுரம் ஏறி நின்றால் நீளம் குறைவு என்றுதானே அர்த்தம்? தெரியாதது, இரண்டு மடங்குக்கு மேலும் எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்பதுதான். கட்டும்போது பற்றாமல் போகும் என்று மேகலா சொன்னது இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

"ஏய், பானைய எங்கடி வெக்கறது? சோறு கொட்டிக்கினு போவுது பாரு," என்று தேசம்மா பின்னால் கத்தும்போது அவள் தெருவில் இருந்தாள்.

*

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையைப் போடுமுன்பே ஜாஸ்மின் மேகலாவின் குழாயை எடுத்து, அதன் வாயில் வளையத்தைச் சேர்த்துப் பிடித்தாள். மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் மூட்டைச் சுற்றி இறுக்கினாள். பெஞ்சில் வைத்தாள்.

"அடி."

மேகலா அடித்தாள். சகினா நரம்பைச் சுண்டினாள். குழாயும் நரம்பும் ஒரே சுரத்தில் நின்றன. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேகலா இன்னொரு முறை அடித்தாள். மறுபடியும் அதே.

"நா வுட்ட முடிச்சி," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

"ஆமா. சரியா வந்தத நாந்தான் அறுத்துப் போட்டேன்," என்றாள் ஜாஸ்மின். "ஆனா நீயும் கயித்துக்குன்னு நெனச்சித்தான் வுட்ட. குழாய்க்கு எதுக்குன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அதான் சரியாயிடுச்சில்லக்கா. வுட்ரு," என்றான் அஜித்குமார். "ஞாயித்துக்கெயம இதயே அடிச்சிக் காட்டலாம்."

"நாளைக்கு வேற பைப்பு வந்தா? அதுக்கும் நாலு விரலா? ஒன் விரலா, மேகலா விரலா? அதத் தெரிஞ்சிக்காம நா காட்ட மாட்டேன்."

அன்று பாடம் வேறு எதுவும் நடக்கவில்லை. அடிப்பதும் கேட்பதுமாகவே போயிற்று. வழி கிடைத்தது மேகலாவின் கையில்தான். ஒருவர் அடிக்கும்போது அவள் குழாயின் மறுபக்க வாய்க்கு எதிரே, படாமல், உள்ளங்கையைக் கொண்டுபோனாள்.

"அக்கா, கை படல. ஆனா சத்தம் எறங்குது பாரு."

எல்லோரும் செய்துபார்த்தார்கள். கை தூரத்தில் இருந்தால் ஒன்றுமில்லை. வாய்க்கு இரண்டு விரல் கிட்டே வந்ததும் சுரம் லேசாகத் தொய்ந்தது. இன்னும் கிட்டே வந்தால் இன்னும் தொய்ந்தது.

ஜாஸ்மின் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "குழாய் எங்க முடியுது?"

"இங்க," என்று அஜித்குமார் விளிம்பைத் தொட்டான்.

"அங்க பிளாஸ்டிக்தான் முடியுது. பாடறது பிளாஸ்டிக்கா?"

"காத்து."

"காத்துக்குக் குழாய் முடிஞ்சிதுன்னு எப்பிடித் தெரியும்? உள்ள ஆடிக்கினு வர்ற காத்து விளிம்புல டக்குனு நிக்காது. வெளில கீற காத்தயும் கொஞ்சம் இழுத்துக்கினு ஆடும். மேகலா கை அந்தக் காத்தத்தான் தொட்டுச்சு. அப்போ பாடற காத்து குழாயவிட நீளம். ரெண்டு வாயிலயும் கொஞ்சங்கொஞ்சம் வெளிய நீட்டிக்கினு கீது."

"அப்டீன்னா குட்டிக் குழாய்க்கும் நீட்டிக்கினுதான கீது?" என்றாள் சகினா.

ஜாஸ்மின் எழுந்துவிட்டாள். அந்தக் கேள்வியில்தான் முழுக் கணக்கும் இருந்தது. கரித்துண்டால் சுவரில் ஒரு சின்னக் குழாயை வரைந்தாள். இரண்டு வாயிலும் வெளியே நீட்டும் காற்றைப் புள்ளிக் கோடாகப் போட்டாள். பெரிய ஸா வேண்டுமென்றால் பாடுகிற காற்று முழுவதையும் இரண்டு மடங்காக்க வேண்டும். குழாய் இரண்டு மடங்கு, வெளியே நீட்டுவதும் இரண்டு மடங்கு. ஆனால் பெரிய குழாயின் வாயும் அதே அகலம்தான். அதில் வெளியே நீட்டுகிற காற்று கூடவில்லை, பழைய அளவே நீட்டுகிறது. ஆகவே ஒரு பங்கு நீட்டல் குறைகிறது. அந்தக் குறையைக் குழாய்தான் தன் உடம்பால் ஈடுகட்ட வேண்டும். மேகலாவின் நாலு விரல் ஈடுகட்டியது அதைத்தான்.

"கயித்துல முடிச்சி உள்ள போவுது. குழாய்ல முடிச்சி வெளிய நிக்குது," என்றாள் மேகலா.

"அவ்ளோதான். அது எத்தன விரல்னு பாக்கணும் இப்போ."

அந்தக் குழாயைக் கொடுத்தவர் மந்தைவெளியில் பிளம்பர் வேலை செய்கிற டில்லிபாபு. அடுக்குமாடி வேலையில் மிஞ்சியதைக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு இஞ்ச் குழாயும் கொஞ்சம் கிடந்தது. அதில் ஒரு குட்டிக் குழாய் வெட்டி, அதற்கு இரண்டு மடங்கும் நாலு விரலும் வைத்துப் பெரிய குழாய் வெட்டினார்கள். நரம்பைப் புதிதாகச் சேர்த்து அடித்துப் பார்த்தால் சுரம் தேவைக்கும் கீழே போய்விட்டது. நாலு விரல் அதிகம். மெலிதாக மெலிதாக அறுத்துக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு விரல் மிஞ்சியபோது குழாயும் நரம்பும் சேர்ந்தன.

"வாயி பாதி. முடிச்சியும் பாதி," என்றான் அஜித்குமார், தானே சொன்னதை நம்பாதவனைப் போல.

மயிலாப்பூரில் இருக்கிற கல்லூரித் தோழி ஜெயஸ்ரீயை ஜாஸ்மின் போனில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, இது முனைத்திருத்தம்டி. லேப்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்துண்டு ட்யூனிங் ஃபோர்க்க வச்சுண்டு நின்னோமே, மறந்துட்டியா? பரீட்சைல வேற எழுதினோம். ஒரு வாய்க்கு விட்டத்துல புள்ளி மூணு. ரெண்டு வாயும் தெறந்திருந்தா புள்ளி ஆறு."

ஜாஸ்மின் போனைக் காதில் வைத்தபடியே வளையத்தைப் பார்த்தாள். நாலு இஞ்ச் குழாயின் வாய் உள்ளே பத்து சென்டிமீட்டர். புள்ளி ஆறு என்றால் ஆறு சென்டிமீட்டர். வளையத்தின் உயரம் ஆறு. முனைத்திருத்தம் என்ற சொல்லை எழுதி அவள் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அது குழாயின் வாய்க்கு வெளியே நிற்கிற காற்று என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"மறக்கலடி. தெரிஞ்சிக்கல," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் கூடத்தில் வலைக் குவியலின் மேலும் சுவரின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் வண்டிக்காரரும் வந்து தூணோரம் நின்றார். தேசம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு பெண்களோடு கடைசியில் இருந்தாள்.

பிள்ளைகள் நரம்பைச் சுண்டி, குழாயை அடித்துக் காட்டினார்கள். நாலைந்து பேர் கைதட்டினார்கள். சுப்பராயன் தட்டவில்லை.

"அடிக்கறது யாரு வேணா அடிப்பான். கேக்க நல்லாத்தான் கீது. ஆனா செதுக்கிச் செதுக்கி சரியா வந்த எடத்துல நிறுத்திக்கினீங்களா, இல்ல கணக்கு தெரிஞ்சி வெட்னீங்களா? எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேக்கறது சரிதான் மாமா," என்றாள் ஜாஸ்மின்.

சுப்பராயன் தன் பேரனை அனுப்பி, வீட்டுப் பின்புறம் கிடந்த ஒரு குழாயைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது மூன்று இஞ்ச் குழாய். அந்த அகலத்தைப் பிள்ளைகள் தொட்டதே இல்லை.

"குட்டி எம்மா நீளம்னாலும் வெட்டிக்கோங்க. பெருசு ஒரே வெட்டு. அப்பால இழைக்கறது, ராவறது ஒண்ணும் கூடாது. தப்பிப் போனா கூடம் ஐஸுக்கு. இன்னா ஜாஸ்மினு?"

"சரி மாமா. மேகலா வெட்டுவா."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மேகலா முன்னால் வந்தாள். நாற்பது சென்டிமீட்டரில் சின்னக் குழாயை வெட்டினாள். அஜித்குமார் நரம்பை முறுக்கி, பாதி நரம்பு அதோடு சேரும்வரை திருத்தினான். இனி நரம்பை அவன் தொடக்கூடாது. மேகலா பெரிய குழாயில் எண்பதுக்குப் புள்ளி வைத்தாள். பழக்கத்தில் நாலு விரலும் புள்ளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.

"அதான், நாலு விரல் வுடு பாப்பா," என்றார் வலைக் குவியலின் மேலிருந்த அவள் அப்பா. "நம்ம கணக்கு அதான்."

மேகலா ஜாஸ்மினைப் பார்த்தாள். ஜாஸ்மின் தலையாட்டவும் இல்லை, கண்ணால் காட்டவும் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேகலா விரல்களை எடுத்துக்கொண்டாள். "கயித்துக்கு நாலு, நைனா. இதுக்கு வாயப் பாத்துத்தான் வுடணும்." ஸ்கேலைக் குழாயின் வாய்க்குக் குறுக்கே வைத்தாள். ஏழு சென்டிமீட்டர். சகினா வாய்விட்டுக் கணக்குச் சொன்னாள்: ஏழைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏழு மில்லிமீட்டர், ஆறு பங்கு நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். எண்பதுக்கு அப்பால் நாலு சென்டிமீட்டரும் இரண்டு சின்னக் கோடும் தள்ளி மேகலா கோடு போட்டாள்.

ரம்பம் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத் தூள் காலடியில் விழுந்தது. சுப்பராயன் கிட்டே வந்து குனிந்து வெட்டைப் பார்த்தார், வலைக்காரர்கள் கயிற்று நுனியைப் பார்ப்பதுபோல.

குழாயைப் பெஞ்சில் வைத்தார்கள். அஜித்குமார் முட்டுக்கொடுத்திருந்த பேனா மூடியை எடுத்துவிட்டு முழு நரம்பையும் சுண்டினான். அது அடங்குவதற்குள் மேகலா செருப்பால் அடித்தாள்.

நரம்பு எது, குழாய் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரே சுரம் கூரைத் தகரத்தில் போய் நின்று இறங்கியது.

"இன்னொரு தபா," என்றார் சுப்பராயன். இன்னொரு தரமும் அதே.

அவர் நிமிர்ந்து, வெட்டிய குழாயை ஒருமுறை கையால் தடவினார். "வெட்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டு வெட்டுச்சு பொண்ணு. இது வெளையாட்டு இல்ல." ஐஸ் வண்டிக்காரர் பக்கம் திரும்பினார். "கூடத்துக்குக் கெயக்கால தார்ப்பாய் இழுத்துக் கட்டித் தர்றோம். பொட்டிய அங்க எறக்கு. சாயங்காலம் கூடம் புள்ளைங்களுக்கு."

"தார்ப்பாய் காத்துக்குப் பிச்சிக்கினு போவும் தலைவரே," என்றார் அவர்.

"முடிச்சிக்கு வுட்டுக் கட்னா போவாது," என்றார் சுப்பராயன். கூடம் சிரித்தது.

தேசம்மா எழுந்து வந்தாள். குழாய்களைத் தாண்டி, மகளிடம் வந்து நின்றாள். "அண்ணாச்சிக்கு இன்னா பொய் சொல்றதுன்னு ரோசன பண்ணிக்கினே வந்தேன். ஒண்ணும் தோணல. நெசத்தயே சொல்லிட்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த வளையத்த எனக்குக் குட்த்துடு. பானை சாயுது."

மேகலா அதற்குள் கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போயிருந்தாள். ஜாஸ்மின் வரைந்த படத்துக்குக் கீழே, யார் எந்தக் குழாயோடு வந்தாலும் படித்துவிட்டு வெட்டும்படி, பெரிய எழுத்தில் எழுதினாள்:

பெரிய ஸா வேணும்னா, குட்டிக் குழாயின் நீளத்தை இரண்டு மடங்காக்கு. வாயின் அகலத்தைப் பத்தாகப் பிரித்து, அதில் ஆறு பங்கு கூட்டு. அங்கே வெட்டு.